மாலைமாற்றும் மறித்தோதும் மரபும்

தொண்டைநாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர், உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூருக்கு அண்மையில் உள்ளது. திருவூரகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஊர். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கனரக ஊர்திகளின் இரைச்சலுக்கு நடுவே, 12ஆம் நூற்றாண்டில் இங்குத் தோன்றிய சேக்கிழாரை இன்று நினைப்பவர் சிலரே. அவர் சைவப் பெரியார். எனினும் சித்திரகவியின் வரலாற்றை ஆராயும் வைணவர்க்கும் அவரிடம் ஒரு சான்று உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய செய்யுள் விகற்பங்களைப் பெரியபுராணத்தில் வரிசைப்படுத்துமிடத்து, மாலைமாற்றையும் எழுகூற்றிருக்கையையும் ஒரே தொடரில் வைத்து அவர் எண்ணுகிறார். இவ்விரண்டனுள் எழுகூற்றிருக்கை நமக்கும் உரியது. திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கை இயற்பாவில் அன்றும் இன்றும் அநுஸந்திக்கப்பட்டு வருகிறது. மாலைமாற்றோ ஆழ்வார்களின் அருளிச்செயலில் இல்லை. இல்லையாயினும், எழுத்தையும் சொல்லையும் மறித்து ஓதும் வழக்கம் நம் ஸம்பிரதாயத்திற்கு அயலானதன்று என்பதும், அது வெறும் விளையாட்டாக நின்றுவிடவில்லை என்பதும் இக்கட்டுரையில் நாட்டப்படும்.

மாலைமாற்றாவது, ஒரு செய்யுளை ஈற்றெழுத்திலிருந்து முதலெழுத்துவரை திருப்பி வாசித்தாலும் அச்செய்யுளே வருவது. 'விகடகவி', 'மாறுமா', 'தேயாதே' என்னும் சொற்களைச் சிறுவரும் அறிவர். இரண்டு சொல் அளவில் காட்டவேண்டுமாயின் 'மாதவா, வாதமா' என்பதைக் கொள்ளலாம். ஆறெழுத்து, எப்பக்கமிருந்து படித்தாலும் மாதவனை நோக்கி எழும் அதே வினா. ஆனால் இத்தொடர் தமிழெழுத்தில் மட்டுமே நிற்கும். வடமொழியில் 'மாதவ' என்பதன் தகரம் நான்காம் தகரம். 'வாத' என்பதன் தகரம் மூன்றாம் தகரம். அங்கே இவ்வணி முறிந்துவிடும். வர்க்க எழுத்துகள் நான்குக்கும் ஒரே வரிவடிவம் கொண்ட தமிழ் இவ்வகையில் புலவனுக்கு இடங்கொடுக்கிறது.

கொடுத்த இடத்தை வேறொரு பக்கம் பறித்தும் கொள்கிறது. தமிழில் மெய் தனியெழுத்து. 'கண்ணன்' என்பதைத் திருப்பினால் னகர மெய் மொழிக்கு முதலில் வந்து நிற்கும், அது தமிழன்று. 'நாரணா' என்பதைத் திருப்பினால் ணகரம் முதலாகும், அதுவும் ஆகாது. 'ந்த', 'ம்ப' போன்ற மயக்கங்கள் திருப்பும்போது இலக்கணத்திற்கு மாறாகச் சிதையும். ஆகவே மாலைமாற்றுப் பாடுவோர் மெய்யை இயன்றவரை விலக்கி, நெட்டுயிர் ஏறிய எழுத்துகளை அடுக்குவர். சம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. அதில் ஒவ்வொரு பாட்டின் இரண்டாம் அடியும் முதலடியின் மறிப்பே. அதனை ஓதிக் கேட்போர்க்கு நெடில்களின் தொடர்முழக்கமே முன்னே நிற்கும்; பொருள் உரையாசிரியரின் துணையாலேயே விளங்கும். உரையின்றி நடவாத கவி என்பது இவ்வகைக்குக் குற்றமா, குணமா என்பதைப் பின்னர்க் காண்போம்.

இலக்கணநூல்களில் தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் மாலைமாற்றைக் கூறுகிறது. அதற்கு முதனூல் காஞ்சியோடு தொடர்புடைய தண்டியின் காவ்யாதர்சம். வைணவர்க்கு அதைவிட நெருங்கிய நூல் மாறனலங்காரம். ஆழ்வார் திருநகரியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர், நம்மாழ்வாரின் திருநாமத்தால் இந்நூலை இயற்றினார். அலங்கார இலக்கணம் ஒன்று ஆழ்வார் பெயரையே தாங்கி, எடுத்துக்காட்டுகளில் எம்பெருமானையும் ஆழ்வாரையும் பாடி, சித்திரகவிகளையும் விரித்துச் சொல்லியிருப்பது, அந்நாளைய வைணவப் புலவர்கள் இக்கலையை இகழவில்லை என்பதற்கு நேர்ச்சான்று.

திருமங்கையாழ்வாரை 'நாலுகவிப் பெருமாள்' என்கிறோம். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நான்கனுள் சித்திரமும் ஒன்று. திருக்குடந்தை ஆராவமுதனைப் பாடிய திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறி ஒன்றுக்கு இறங்கும். பின்னர் மூன்றுவரை ஏறி இறங்கும். இவ்வாறு ஒவ்வொரு படி கூடி ஏழுவரை சென்று, மீண்டும் ஒன்றுக்கு வரும். தேர்வடிவில் கட்டமிட்டு இதனை எழுதிக் காட்டுவது மரபு. எண்வரிசையை மட்டும் நோக்கினால் இது மாலைமாற்றே: 1-2-3-2-1 என்பதை எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. ஆனால் ஆழ்வார் மறித்தது எண்ணை, எழுத்தையன்று. ஏறும்போது 'இரண்டு' என்னும் சொல் சுட்டும் பொருள் ஒன்று, இறங்கும்போது சுட்டுவது வேறொன்று. வடிவம் திரும்பி வர, பொருள் மேன்மேலும் செல்கிறது. ஆழ்வார் எழுத்துமாலைமாற்றை விடுத்து இதனைக் கொண்டதன் காரணம் இதுவாகலாம் என்பது அடியேன் கருத்து. ஓதுவோன் பொருளை இழக்காமல் சித்திரத்தைக் காணமுடிகிறது.

வடமொழிப் பக்கம் திரும்பினால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். தண்டி தம் நூலின் மூன்றாம் பரிச்சேதத்தில் பிரதிலோம யமகத்தை மூன்றாகப் பகுக்கிறார்: பாதம் மறித்தல், அரைச்சுலோகம் மறித்தல், முழுச்சுலோகம் மறித்தல். கோதாவரிக் கரையில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸூர்ய தைவஜ்ஞர், பாஸ்கரரின் லீலாவதிக்கு உரையெழுதிய கணிதர். அவர் இயற்றிய ராமகிருஷ்ண விலோம காவ்யம் இரண்டாம் வகை. சுலோகத்தின் முற்பாதி இராமகதை. அதனை எழுத்தெழுத்தாகத் திருப்பிய பிற்பாதி கிருஷ்ணகதை. மூன்றாம் வகையை ஒரு காவ்யம் முழுதும் நடத்திக் காட்டியவர் நம் தொண்டைநாட்டவர். காஞ்சியை அடுத்த அரசாணிப்பாலையில், இரகுநாத தீட்சிதரின் குமாரராக 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேங்கடாத்வரி அவர்.

அவருடைய ராகவயாதவீயம் 30 சுலோகங்கள் கொண்டது. நேரே படித்தால் ஸ்ரீராமனின் சரிதம். ஒவ்வொரு சுலோகத்தையும் கடைசியிலிருந்து படித்தால் இன்னொரு சுலோகம். அது கண்ணனின் சரிதம், ஸத்யபாமைக்காகப் பாரிஜாதத்தைக் கொணர்ந்த கதை. ஆக 60. இங்கே அலகு அக்ஷரம். கூட்டெழுத்து பிரியாமல் ஒன்றாகவே இடம்பெயரும். 'கிருஷ்ண' என்பதில் ஷகர ணகரங்கள் சேர்ந்தே நகரும். இதனால் யாப்பில் ஒரு தொல்லை பிறக்கிறது. கூட்டெழுத்து தனக்கு முன்னுள்ள குறிலைக் குருவாக்கும். திருப்பும்போது முன் இருந்தது பின்னாகி, வேறோர் எழுத்து குருவாகிவிடும். கவி இருதிசையிலும் மாத்திரையைக் காக்கவேண்டும். முதற்சுலோகத்தை அவர் குருவெழுத்துகளாலேயே அமைத்திருப்பதன் சாதுர்யம் இங்கே புலப்படும். எல்லாம் குருவானால் எப்படித் திருப்பினாலும் விருத்தம் கெடாது. அநுஸ்வார விஸர்கங்கள் கூடினும் குறையினும் சித்திரத்திற்குப் பங்கமில்லை என்பது ஆலங்காரிகர் அளித்த சலுகை.

இந்த வேங்கடாத்வரியே விச்வகுணாதர்ச சம்புவையும் எழுதினார். அதில் விமானத்தில் செல்லும் கந்தர்வர் இருவரில் ஒருவன் கண்டதையெல்லாம் பழிக்கிறான். மற்றவன் அதையே புகழ்கிறான். ஒரே பொருளை இரு திசையிலிருந்து நோக்குவது அவருக்கு இயல்பாகவே இருந்திருக்கிறது.

இனி ஒரு ஒப்புமை. 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீர ருத்ரடர், சதுரங்கக் குதிரையின் நடைப்படி எழுத்துகளைத் தாவிப் படித்தாலும் அதே சுலோகம் வரும்படி ஒன்று இயற்றினார். ஸ்வாமி தேசிகன் பாதுகா ஸஹஸ்ரத்தின் சித்ர பத்ததியில் அதே குதிரை நடையை எடுத்தாள்கிறார். ஆனால் அங்கே ஒரு சுலோகத்தின் 32 அக்ஷரங்களையும் குதிரை நடையில் படித்தால் வருவது அடுத்த சுலோகம். ருத்ரடரிடம் சென்றதும் வந்ததும் ஒன்று. தேசிகனிடம் ஒன்று மற்றொன்றை ஈன்றது. சம்பந்தர் மாலைமாற்றுக்கும் வேங்கடாத்வரி காவ்யத்துக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ஒரே எழுத்துக்கூட்டம் இரண்டு விபவங்களையும் தாங்குமாறு செய்தது, அவதாரங்கள் பலவாயினும் அவதரித்தவன் ஒருவனே என்று கொண்ட புலவர்க்கு இயல்பாக வாய்த்த வழி. இராமகதையைத் திருப்பினால் மீண்டும் இராமகதையே வந்திருக்குமானால், திறமை அதுவே, தத்துவம் வந்திராது.

இதற்கு மறுப்பு உண்டு. ஆனந்தவர்த்தனர் சித்திரத்தைக் காவ்யம் என்றே கொள்ளாமல் காவ்யத்தின் போலி என்றார். மம்மடர் கடைத்தரத்தில் வைத்தார். அப்பய்ய தீட்சிதர் சித்ரமீமாம்ஸையில், சொற்சித்திரம் பெரும்பாலும் சுவையற்றது, கவிகள் அதனை அதிகம் ஆதரிப்பதில்லை என்று ஒதுக்கிவிட்டு, பொருட்சித்திரத்தை மட்டும் ஆராய்கிறார். ஆனால் இதே தீட்சிதர்தாம் தேசிகனின் யாதவாப்யுதயத்திற்கு வியாக்கியானம் செய்தவர். அதன் ஆறாம் ஸர்க்கம் யமகங்களாலும் சித்திரங்களாலும் ஆனது. கொள்கையில் ஒதுக்கியதை உரையில் ஒதுக்க இயலவில்லை. எழுத்தெழுத்தாகப் பதம் பிரித்துப் பொருள் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. ரஸம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் ஆலங்காரிகர் கூற்று சரியே. ஓதி, மனனம் செய்து, தலைமுறைக்குத் தலைமுறை ஒப்படைக்கும் ஸமூஹத்திற்கு வேறோர் அளவுகோலும் உண்டு.

அது வேதாத்யயனத்திலிருந்து வந்தது. ஜடாபாடத்தில் பதங்கள் 1-2-2-1-1-2 என்று போய், மறித்து, மீண்டும் போகும். கனத்தில் 1-2-2-1-1-2-3-3-2-1-1-2-3 என்று நீளும். மறித்துச் சொல்லும்போது ஸந்தி புதிதாகப் புணரும். ஸ்வரமும் அதற்கேற்ப மாறும். பதத்தின் ஈற்றிலோ முதலிலோ ஒரு பிழை நுழைந்திருந்தால் நேர்ப்பாடத்தில் மறைந்து கிடப்பது மறிபாடத்தில் வெளிப்பட்டுவிடும். இங்கே மறிப்பவை பதங்கள். காவ்யத்தில் மறிப்பவை அக்ஷரங்கள். இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. எனினும் கோஷ்டியில் இருந்து இவ்வோசையைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, சென்று திரும்பும் சொல் என்பது புதுமையன்று, காவல்.

அக்காவல் எத்தனை வேண்டியதென்பதை நம் ஸம்பிரதாயம் நன்கறியும். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதித்து, ஈற்றுச்சொல் முதற்சொல்லோடு கூடி மண்டலித்து நிற்பவை; இடையில் ஒன்று வழுவினாலும் தொடர் அறுந்துபோனது தெரிந்துவிடும். அவ்வாறிருந்தும் ஒரு காலத்தில் அது வழக்கொழிந்தது. ஆராவமுதன் விஷயமான ஒரு திருவாய்மொழியை மட்டும் சிலர் சேவிக்க, ஆயிரத்துள் இப்பத்து என்னும் குறிப்பைக் கேட்டு நாதமுனிகள் மற்றவற்றைத் தேடிப் புறப்பட்டதைக் குருபரம்பரை கூறும். திருவெழுகூற்றிருக்கைக்கும் அக்குடந்தையே திவ்யதேசம்.

சுவடி பெயர்த்தெழுதுவோன் கைப்பிழையில் ராகவயாதவீயத்தின் ஓர் அக்ஷரம் மாறினால் கெடுவது இரண்டு சுலோகங்கள். ஆனால் திருத்துவோனுக்கு இரண்டாம் சுலோகமே சாட்சி. நேர்ப்பாடத்தில் இரண்டு பாடபேதங்களும் பொருந்துவதாகத் தோன்றும் இடத்தில், மறித்துப் பார்த்து, எது பாரிஜாத கதைக்கு இசைகிறதோ அதனைக் கொள்ளலாம். வியாக்கியானமின்றி மூலத்தை மட்டும் அதிசயமாக அச்சிட்டுப் பரப்பும் வெளியீடுகளில் இச்சோதனை நடப்பதில்லை. அங்கே பிழை எளிதில் தங்கிவிடும். பொருள் உணர்ந்தவன் மறித்துப் படித்தால்தான் அது அகப்படும்.