முட்டும் கைப்பழக்கம்

குளச்சல் போர் நடந்தது 1741இல். அதில் தோற்றுப் பின் திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்த டச்சுத் தளபதி டி லனாய் வட்டக்கோட்டையைப் பலப்படுத்திய காலத்தில், இந்தக் குளச்சல் கரையில் முட்டு பிசகினால் வர்ம ஆசானிடம்தான் போக வேண்டும். அடிமுறைச் சண்டைக்கலையைக் கற்றுத்தந்த அதே கைதான் எண்ணெய் தடவி, பிசகை நேராக்கிக் கட்டும் போட்டது. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என உடலின் 108 வர்ம இடங்களையும் விரலால் அறிய, சீடன் ஆண்டுக்கணக்கில் ஆசானோடு இருக்க வேண்டும். கத்தி வந்தது பிறகு. 1838இல் நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது. 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் அங்கே வந்த சோமர்வெல் அறுவை மருத்துவராகப் பெயர் பெற்றார். கட்டும் கத்தியும் வெவ்வேறு தொழில்கள்தாம். தேய்ந்த குருத்தெலும்பை எந்த எண்ணெயும் வளர்க்காது. அதில் ஆசானை அறுவை மருத்துவருக்கு ஈடாக நிறுத்துவது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஆனால் பழகிய கையிடமே மூட்டைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசான்மார் கட்டுப்பாடு, இன்று பாதி முட்டு மாற்று அறுவையின் பலனைப் பேசும்போதும் அசைக்க முடியாததாக நிற்கிறது.

இந்த அறுவையில் முட்டின் தேய்ந்த பக்கத்துக்கு மட்டும் உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். முழு மாற்றில் பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படும் முன் சிலுவைத் தசைநார் இதில் தங்கிவிடுகிறது. 1990களில் அமெரிக்க மருத்துவர் ரெபிச்சி, முட்டுச் சிரட்டையைப் புரட்டாமல் சிறு கீறல் வழியாக இதைச் செய்து காட்டினார். அதிலிருந்து பேச்செல்லாம் தழும்பின் நீளத்தைப் பற்றியே ஆகிவிட்டது. என் பார்வையில் அது தவறான அளவுகோல். 1998இல் ஆக்ஸ்போர்டு குழு 143 முட்டுகளைப் பற்றி வெளியிட்ட கணக்கில், பத்தாண்டு கழித்தும் 98 விழுக்காடு நிலைத்திருந்தது. 2014இல் இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டு மாற்றுப் பதிவேட்டை வைத்து வந்த ஆய்வோ, எட்டு ஆண்டுகளில் பாதி மாற்றுக்கு மறு அறுவை முழு மாற்றைப் போல இரு மடங்கு என்றது. ஒரே அறுவைக்கு இரண்டு முகம்! முதல் கணக்கு, அந்த உறுப்பை வடிவமைத்து அதிலேயே ஊறியவர்களுடையது; இரண்டாவது, எப்போதாவது ஒன்று செய்பவர்களையும் சேர்த்தது.

அப்படியானால் முழு மாற்றே பத்திரம் என்பார்கள். மறு அறுவை என்ற ஒரே எண்ணைப் பார்த்தால் அது சரி. அதே 2014 ஆய்வில் பாதி மாற்று செய்துகொண்டவர்களிடம் இறப்பும், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற சிக்கல்களும் குறைவாக இருந்தன. ஆஸ்பத்திரி வாசமும் குறுகியது. வலி மிஞ்சினால் பாதியை முழுசாக மாற்றும் வழி இருப்பதால், மருத்துவர் அங்கே மறு அறுவைக்குச் சீக்கிரம் சம்மதிக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இரு பக்கமும் தேய்ந்த முட்டுக்கும், வாதநீரால் வீங்கிய முட்டுக்கும் இந்த அறுவை ஆகாது; அதைச் சொல்லி மறுப்பதும் கைப்பழக்கத்தில் சேர்ந்ததே. 2015இல் வந்த அடுத்த ஆய்வு, தாம் செய்யும் முட்டு மாற்றுகளில் ஐந்தில் ஒரு பங்காவது பாதி மாற்றாக உள்ள மருத்துவர்களிடம் மறு அறுவை தெளிவாகக் குறைவு என்று காட்டியது. ஆகவே நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ மருத்துவர் முன் உட்காரும் நோயாளி, கீறல் எத்தனை அங்குலம் என்பதை விட்டுவிட்டு, வருஷத்துக்கு இதை எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்கட்டும்.