தராசு சொல்லாததை அளவுநாடா சொல்லும்: இன்சுலின் எதிர்ப்பும் எமது உடல் அளவுகளும்

போரில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த ஒருவர் கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்காலின் நிறையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவருடைய நிறை 60 கிலோ. உயரம் 165 சென்ரிமீற்றர். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்திணிவுச் சுட்டி, அதாவது பி.எம்.ஐ., 22 என்று வருகிறது. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்து கவனம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்ன அளவு. ஆகவே ‘பிரச்சினை இல்லை’ என்று அட்டையில் எழுதிவிடலாம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கால் விடுபட்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி உடலின் நிறையில் சுமார் 6 சதவீதம். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய நிறை 63.8 கிலோ, சுட்டி 23.4. எச்சரிக்கைக் கோட்டை அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டார். அட்டையில் மட்டும் அது தெரியவில்லை.

நிறையை மட்டும் பார்த்தால் இப்படிப் பலர் தப்பிவிடுகிறார்கள். சலரோகம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உடலில் தொடங்கிவிடும் ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்ற நிலையை ஊகிக்க, தையல்காரரிடம் இருக்கும் சாதாரண அளவுநாடாவே தராசைவிடக் கூடுதலாக உதவுகிறது.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன?

நாம் உண்ணும் சோறு, பிட்டு, பாண் எல்லாம் குளுக்கோசாக மாறிக் குருதியில் சேர்கின்றன. அப்போது சதையி இன்சுலினைச் சுரக்கிறது. குருதியிலுள்ள சீனியை எடுத்துக்கொள்ளுமாறு தசைகளுக்கும் கொழுப்புத் திசுவுக்கும், புதிதாகச் சீனி தயாரிப்பதை நிறுத்துமாறு ஈரலுக்கும் இன்சுலின் அறிவிக்கிறது. இந்த அறிவிப்புக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையே இன்சுலின் எதிர்ப்பு.

ஆரம்பத்தில் சதையி கூடுதலாக இன்சுலினைச் சுரந்து நிலைமையைச் சமாளிக்கும். அதனால் சீனிப் பரிசோதனை பல ஆண்டுகளுக்குச் சரியாகவே இருக்கும். நோவோ களைப்போ தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்திலேயே குருதியமுக்கம் ஏறலாம், ஈரலில் கொழுப்புப் படியலாம், சில பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கற்றுப் போகலாம். சதையியால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் சலரோகம் வெளியே வருகிறது. அமெரிக்க வைத்தியர் ஜெரால்ட் றீவன் 1988 இல் ஆற்றிய ஓர் உரையில், உயர் குருதியமுக்கம், குருதிக் கொழுப்புக் குழப்பம், சலரோகம் ஆகியவற்றுக்குப் பின்னால் இந்த எதிர்ப்பு பொதுவாக நிற்கிறது என்பதை எடுத்துக்காட்டினார்.

இதை நேரடியாக அளக்க முடியும். ஆனால் மிகத் துல்லியமான முறை, பல மணிநேரம் நாளத்தினூடாக இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றிச் செய்யும் ஆய்வுகூட முறை. 1985 இல் ஒக்ஸ்போர்ட்டில் உருவான ‘ஹோமா’ கணக்கு இலகுவானது. ஆனால் அதற்கு வெறுவயிற்று இன்சுலின் அளவு வேண்டும். அது எல்லோருக்கும் வழமையாகச் செய்யப்படும் பரிசோதனையல்ல. அதனால்தான் உடல் அளவுகள் முக்கியமாகின்றன.

எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே கொழுப்பு என்பதே கேள்வி

1947 இல் பிரான்சின் மார்செய் நகரைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் வாக், உடற்பருமனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். சிலருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. வேறு சிலருக்கு இடுப்பிலும் தொடையிலும் சேர்கிறது. சலரோகமும் இதய நோயும் முதல் வகையினரையே கூடுதலாகப் பிடிக்கின்றன என்று அவர் சொன்னதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

குடலைச் சுற்றி உள்ளே படியும் கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்கள் நேராக ஈரலுக்குப் போகின்றன. ஈரலில் கொழுப்புச் சேரும்போது அது இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் சீனியைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். தொடையிலும் இடுப்பிலும் உள்ள கொழுப்போ பெரும்பாலும் பாதுகாப்பான சேமிப்பு. ஒரே நிறையுள்ள இருவரில் ஒருவருக்கு இன்சுலின் எதிர்ப்பு இருப்பதும் மற்றவருக்கு இல்லாமல் இருப்பதும் இதனால்தான்.

தெற்காசியர்களான எமக்கு இதில் இன்னொரு பாதகம் உண்டு. புனே நகரின் வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யுட்கினும் 2004 இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் தங்கள் இருவருடைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டார்கள். இருவருக்கும் ஒரே உடற்திணிவுச் சுட்டி: 22.3. ஆனால் லண்டன்காரரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரரின் உடலில் 21.2 சதவீதம்.

புலம்பெயர்ந்த எமது மக்களிடமும் இது தெரிந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நோர்வேயின் ஒஸ்லோவில் ஐந்து குடியேறிய சமூகங்களிடையே ஆய்வு நடந்தது. இலங்கையிலிருந்து சென்றவர்களும் அவற்றில் ஒன்று. அங்குள்ள இலங்கையரில் பெரும்பான்மையினர் தமிழர். உடற்திணிவுச் சுட்டி ஒரே அளவில் இருந்தபோதும், இலங்கையரிடமும் பாகிஸ்தானியரிடமும் இடுப்போடு ஒப்பிட்ட வயிற்றின் அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

கவனிக்க வேண்டிய அளவுகள்

வயிற்றுச் சுற்றளவு: சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசியர்களுக்கு வகுத்த எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். அங்குலத்தில் ஏறத்தாழ 35½, 31½. ஐரோப்பிய ஆண்களுக்கான எல்லை 94.

உயரத்தோடு ஒப்பிடல்: வயிற்றின் சுற்றளவு உயரத்தின் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பிரித்தானியாவின் தேசிய சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2022 இல் தந்த ஆலோசனை. இதற்கு எண்ணே தேவையில்லை. உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். நுனிகள் சந்திக்காவிட்டால் எச்சரிக்கை. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

வயிறும் இடுப்பும்: வயிற்றுச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்தால் வரும் விகிதம் ஆண்களுக்கு 0.90 ஐயும் பெண்களுக்கு 0.85 ஐயும் எட்டுவது நல்லதல்ல.

கழுத்து: ஆண்களுக்குச் சுமார் 37, பெண்களுக்குச் சுமார் 34 சென்ரிமீற்றரைக் கழுத்து தாண்டுவது கூடுதல் நிறையின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. வயிற்றில் காயமோ சத்திரசிகிச்சைத் தழும்போ இருந்து அங்கே அளக்க முடியாதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

தோல்: கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணிபோல் மாறினால் அது அழுக்கல்ல. தேய்த்துக் கழுவினாலும் போகாது. பருமனான உடலில், குறிப்பாகப் பதின்ம வயதினரில், இது இன்சுலின் எதிர்ப்பின் தெளிவான வெளி அடையாளம்.

ஏற்கெனவே மிகவும் பருத்த உடலுள்ளவர்களுக்கு ஒரு விளக்கம். சுட்டி 35 ஐத் தாண்டியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் வயிறு எல்லையைத் தாண்டித்தான் இருக்கும். ஆகவே அவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை வயிற்று அளவு தனியே பிரித்துக் காட்டாது. அவர்கள் குருதிக் கொழுப்பையும் பார்க்க வேண்டும். வெறுவயிற்றில் ட்ரைகிளிசரைட் 150 ஐ எட்டி, நல்ல கொலஸ்ரோல் எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40 க்கும் பெண்களுக்கு 50 க்கும் கீழே இருந்தால், இன்சுலின் எதிர்ப்பு இருப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

சரியாக அளப்பது எப்படி?

காற்சட்டையின் அளவு உங்கள் வயிற்றின் அளவல்ல. வண்டி வைத்த பலர் காற்சட்டையையோ சாரத்தையோ வண்டிக்குக் கீழேதான் கட்டுகிறார்கள்.

காலையில், சாப்பிடுவதற்கு முன் அளவெடுங்கள். பாதங்களைச் சேர்த்து நேராக நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில், துணியின்றி, நாடா தரைக்குச் சமாந்தரமாக இருக்கும்படி சுற்றுங்கள். இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கவோ நாடாவை இறுக்கவோ வேண்டாம். இடுப்பை அளக்க, பிட்டத்தின் மிக அகன்ற பகுதியைச் சுற்றி எடுங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்று அளவு பொருந்தாது.

அவயவம் இழந்தவர்களுக்கும் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும்

உணவுக்குப் பின் இன்சுலின் குருதியிலிருந்து அகற்றும் சீனியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைகள். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் காலிலும் உள்ளன. காலை இழந்தவர் நடையை மட்டுமல்ல, சீனியை எரிக்கும் தசையின் ஒரு பங்கையும் இழக்கிறார். போர்க்காயத்தால் கால் இழந்த இஸ்ரேலிய முன்னாள் இராணுவத்தினரைப் பற்றி 1998 இல் வெளியான ஆய்வு, மற்றவர்களைவிட அவர்களிடம் இதய நோய் மரணம் கூடுதலாக இருந்ததையும், உயிரோடிருந்தவர்களின் குருதியில் இன்சுலின் அளவு உயர்ந்திருந்ததையும் கண்டது.

நிறைக் கணக்கைத் திருத்தும் முறை இதுதான். முழுக்கால் உடல் நிறையில் சுமார் 16 சதவீதம். முழங்காலுக்குக் கீழ் சுமார் 6. பாதம் மட்டும் 1.5. முழுக்கை 5. முழுக்கால் இழந்தவர் தன் நிறையை 0.84 ஆலும், முழங்காலுக்குக் கீழ் இழந்தவர் 0.94 ஆலும், முழுக்கை இழந்தவர் 0.95 ஆலும் வகுத்து, வரும் தொகையைக் கொண்டே சுட்டியைக் கணக்கிட வேண்டும். இரு கால்களும் இல்லாதவர்கள் கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்தால் அது உயரத்துக்கு ஏறத்தாழச் சமன். வயிற்றுச் சுற்றளவுக்கு இந்தத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஆகவே அதுவே இலகுவானது.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தசை கரைந்து கொழுப்பு அந்த இடத்தைப் பிடிக்கும். பார்ப்பதற்கு மெலிந்திருந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகமாக இருக்கலாம். அவர்களில் சுட்டி 22 ஐத் தாண்டினாலே உடற்பருமனாகக் கொள்ளவேண்டும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். வயிற்றை மல்லாந்து படுத்த நிலையில் அளக்க வேண்டும். வயிற்றுத் தசை செயலிழந்தவர்களுக்கு வயிறு இயல்பாகவே தள்ளி நிற்கும் என்பதால், ஒருநாள் அளவைவிட மாதக்கணக்கில் அது கூடுகிறதா குறைகிறதா என்பதே முக்கியம்.

கருவில் பட்ட பசி

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 பனிக்காலத்தில், நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதையொட்டிப் பரிசோதித்தபோது, அவர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. நைஜீரியாவின் பியாஃப்ரா போர்க்காலத்தில் கருவிலும் கைக்குழந்தையாகவும் பட்டினியை அனுபவித்தவர்களிடமும், நாற்பது வயதில் குருதியமுக்கமும் சீனிக் குழப்பமும் கூடுதலாகக் காணப்பட்டன.

2008, 2009 இல் வன்னியில் உணவின்றித் தவித்த தாய்மாரின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். இது அவர்களின் தலைவிதி என்று பொருளல்ல. கருவில் பசியைக் கண்ட உடல் பின்னர் வேகமாகப் பருக்கும்போது ஆபத்து கூடுகிறது என்பதே பாடம். அந்தப் பிள்ளைகளின் வயிற்று அளவை இப்போதே கவனிப்பது வீண் பயமல்ல.

அளவு கூடியிருந்தால்?

முதலில் பரிசோதனை. வெறுவயிற்றுச் சீனி 126 ஐ எட்டினால் சலரோகம் இருக்கிறதா என்று மீண்டும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். 100 இலிருந்து 125 வரை இருந்தால் அதற்கு முந்திய நிலை. அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு நிறை, குருதியமுக்கம், சீனி என்பன இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. கால் இழந்தவர்கள் திருத்திய நிறையை அங்கே சொல்லி எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாழ்க்கை முறை. சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், சலரோகத்துக்கு முந்திய நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீராக்கியதால், மூன்று ஆண்டுகளில் சலரோகமாகும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் நிறை பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். தராசு அசையாவிட்டாலும் உடலுக்குள் மாற்றம் நடக்கிறது.

கோப்பையில் சோற்றைக் குறைத்து, பாதியை மரக்கறிக்கும் இலைவகைக்கும் விடுங்கள். பருப்பு, கடலை, மீன், முட்டை இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். தேநீரில் சீனியைப் படிப்படியாக நிறுத்துங்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடவுங்கள். நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலியை வேகமாக உருட்டுவதும், தண்ணீர் நிரப்பிய போத்தல்களைக் கைகளால் தூக்கி இறக்குவதும் தசைக்கு அதே வேலையைக் கொடுக்கும். நித்திரையின்மையும் நீண்டகால மன அழுத்தமும் இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டுகின்றன. இழப்புகளின் நினைவில் இரவில் உறங்க முடியாதவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதுவும் சிகிச்சைக்குரிய விடயமே.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்றைய திகதியையும் உங்கள் வயிற்றுச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.