மயிலாப்பூர் மயில் எங்கே போச்சு?

போன மாசம் மந்தைவெளியில இருக்கற மக வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் மாப்பிள்ளையோட நண்பர் ஒருத்தர் வந்தார். ஐ.டி. வேலை. மதுராந்தகம் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கியிருக்காராம். "அங்கிள், உங்க நிலத்துல மயில் நிறைய சுத்துதாமே? ரெண்டு குஞ்சு பிடிச்சுக் குடுங்களேன். கூண்டெல்லாம் இல்ல, அவுத்து விட்டுத்தான் வளர்ப்பேன்"னு கேட்டார்.

"பிடிக்கறது குத்தம் தம்பி. 1963ல தேசியப் பறவை ஆக்கினாங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. நீங்களும் நானும் ஜெயிலுக்குப் போகணும்"னு சொன்னேன். தானா உதிர்ந்த இறகைப் பொறுக்கி வச்சுக்கலாம், அவ்வளவுதான். அவருக்கு முகம் வாடிப்போச்சு.

மறுநாள் காலையில பேரனைக் கூட்டிக்கிட்டு கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். "தாத்தா, மயிலாப்பூர்ல மயில் எங்க?"ன்னு கேட்டான். நல்ல கேள்விதான். நான் பன்னிரண்டாவதோட படிப்பை நிறுத்தினவன், ஆனா பழைய சங்கதிகளைப் படிக்கற பழக்கம் இன்னும் விடல. அதை வச்சு எழுதறேன்.

கோயில் கதை உங்களுக்குத் தெரியும். சிவன் மந்திரத்துக்கு விளக்கம் சொல்லும்போது பார்வதியோட கவனம் மயில் பக்கம் போச்சு. சாபத்தால மயிலாகி, இங்கே புன்னை மரத்தடியில பூஜை பண்ணினா. புன்னையடிச் சன்னதியில அந்தக் காட்சி இருக்கு. அம்மன் எடுத்தது பெட்டை மயில் உருவம். பெட்டைக்குத் தோகை கிடையாது, மண்ணு நிறம். எங்க கழனியில புதர் ஓரம் நின்னா பத்தடி தூரத்துலகூட கண்ணுக்குப் படாது. இந்தக் கதையை முதல்ல சொன்னவங்க மயிலைப் பக்கத்துல பார்த்து வாழ்ந்தவங்களாத்தான் இருக்கணும்.

ஏழாம் நூற்றாண்டுல சம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடினப்பவே இந்த ஊருக்கு மயிலைன்னுதான் பேர். மயில் ஆர்ப்பரிக்கற ஊர், மயில் ஆர்ப்பு ஊர்ங்கறதுதான் மயிலாப்பூர் ஆச்சுன்னும் சொல்வாங்க.

இது வெறும் புராணம்னு நினைச்சா மார்க்கோ போலோவைப் படிங்க. சீனாவுலேர்ந்து திரும்பற வழியில, 1290களோட தொடக்கத்துல நம்ம கரைப்பக்கம் வந்தவர். புனித தோமையாரோட உடல் இருக்கற ஊரை அதிக ஜனமில்லாத சின்ன ஊர்னு எழுதறார். அதுதான் இன்னைக்குச் சாந்தோம். இந்த நாட்டுல இருக்கற அளவுக்கு மயில் வேற எங்கேயும் இல்லைங்கறார். தோமையார் காட்டுல ஜபம் பண்ணிக்கிட்டிருந்தாராம், சுத்தி மயில் மேய்ஞ்சுதாம். வேட்டைக்கு வந்த ஒருத்தன் மயிலைக் குறி வச்சு விட்ட அம்பு அவர் மேல பாய்ஞ்சுதாம். கிறிஸ்தவ மரபு வேற மாதிரி சொல்லும், பரங்கிமலையில ஈட்டியால குத்தினாங்கன்னு. 1500களோட தொடக்கத்துல எழுதின போர்ச்சுகீசியர் பார்போசாவும் மயில் கதையைத்தான் சொல்றார். மயில் கூட்டத்துல வேடன் அம்பு விட, அடிபட்ட மயில் பறக்கும்போதே மனுஷ உடம்பா மாறிச்சுன்னு.

கதை உண்மையா பொய்யாங்கற வழக்குக்கு நான் வரல. இந்துவோ கிறிஸ்தவரோ, இந்த ஊர்ல சாமி கதை சொன்னா அதுல ஒரு மயில் வந்து நின்னுடுது. அவ்வளவு மயில் இருந்திருக்கு.

யாரும் அதை வளர்க்கவும் இல்ல. ரோமாபுரியில வளர்த்திருக்காங்க. அவுஃபிடியஸ் லுர்கோன்னு ஒருத்தர் கறிக்காக மயிலைக் கொழுக்க வச்சு வித்து வருஷத்துக்கு 60,000 செஸ்டர்ஸ் காசு பார்த்தார்னு பிளினி எழுதி வச்சிருக்கார். நம்ம பேகனைப் பாருங்க. மயில் குளிர்ல நடுங்குதுன்னு போர்வையைக் குடுத்தான், வீட்டுக்குப் பிடிச்சுக்கிட்டு வரல.

அப்போ மயிலாப்பூர் மயில் எங்கே போச்சு? வேட்டையில கொஞ்சம் போயிருக்கலாம். ஆனா மயிலுக்கு முக்கியமா வேணும்கிறது மூணு. முட்டை வைக்கத் தரையில புதர், ராத்திரி அடைய உயரமான மரம், பக்கத்துல தண்ணி. மூணும் அங்கே இருந்துச்சு. லஸ் மாதா கோயிலை இன்னும் காட்டுக் கோயில்னு சொல்றவங்க இருக்காங்க. கல்வெட்டுல 1516ன்னு போட்டிருக்கற கோயில் அது. இப்போ கார் நிறுத்த இடம் கிடைக்காத லஸ் ஒரு காலத்துல காடுங்கறதுக்கு அந்தப் பேர் போதும்.

மேற்கால பெரிய ஏரி. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து நீளமாக் கிடந்துச்சு. 1920கள்ல ஜனம் குடியேற இடம் வேணும்னு தண்ணியை வடிச்சு மனை போட்டாங்க. அதுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு தெரு இருக்கு. லேக்கும் இல்ல, வியூவும் இல்ல.

சிரிக்கறதுக்கு எனக்கும் உரிமை கிடையாது. எங்க திண்டிவனம்னா புளியங்காடு. இன்னைக்கு நாலு வழிச் சாலையும் பிளாட்டும்தான். எங்க ஊர் கரம்புல இருந்த காரை, சூரை, கள்ளிப் புதரையெல்லாம் வெட்டி மனை போட்டதும் மயில் எங்க கழனிக்கு வந்துடுச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்ப வருஷத்துக்கு ரெண்டு மயில் பார்த்தா அதிசயம். இப்போ காலையில முப்பதுக்குக் குறையாது.

நாலு வருஷம் முன்னாடி மல்லாட்டை விதைச்ச மறுநாள் போய்ப் பார்த்தா, கால் ஏக்கர் விதையைக் கிளறித் தின்னுட்டுப் போயிருந்துச்சு. கடன் வாங்கி வாங்கின விதை. அன்னைக்கு நான் குருணை மருந்துப் பொட்டலத்தைக் கையில எடுத்துட்டேன். அரிசியில கலந்து வரப்புல தூவினா போதும். பக்கத்துல செய்யறவங்க இருக்காங்க. அம்மா திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தாங்க. பாவம் புண்ணியம்னு எதுவும் பேசல. "நரி இருந்தப்ப இவ்ளோ மயில் இல்லடா. நரியை ஒழிச்சது யாரு?"ன்னாங்க.

எங்கப்பாவும் பெரியப்பாவும்தான். ஆட்டுக்குட்டிக்காக வெடி வச்சுக் கொன்னாங்க. பொட்டலத்தைக் கொண்டுபோய் கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்.

இப்போ கிழக்கு ஓரம் இருபது சென்ட்டுல ஏர் ஓட்டறதில்ல. முள்ளும் புதருமா விட்டுட்டேன். ஓரமா கொஞ்சம் கம்பு விதைச்சு அறுக்காம விடுவேன், ஒரு தொட்டியில தண்ணி. விதைச்ச முதல் பத்து நாளும் அறுவடைக்கு முன்னாடி ரெண்டு வாரமும் வீட்டுல யாராவது ஒருத்தர் காவல். அப்படியும் வருஷம் ரெண்டு மூட்டை போகத்தான் போகுது. ரெண்டு மூட்டைங்கறது எனக்குச் சின்னக் கணக்கு இல்ல.

மாப்பிள்ளையோட நண்பருக்கு ஊருக்கு வந்த பிறகு போன் பண்ணினேன். "தம்பி, குஞ்சு வேணாம். அந்த ஒரு ஏக்கரையும் ஜே.சி.பி. விட்டு சுத்தம் பண்ணாதீங்க. ஒரு மூலையில பத்து சென்ட் புதரை அப்படியே விடுங்க, மரத்தை வெட்டாதீங்க, தண்ணி வைங்க. அதுவா வரும். வந்த பிறகு தக்காளியைத் தின்னுதேன்னு எனக்குப் போன் பண்ணக் கூடாது"ன்னேன். சிரிச்சார். செய்வாரான்னு பார்க்கலாம்.

இன்னைக்குக் காலையில கிழக்கு ஓரப் புதர்ல ஒரு பெட்டை அஞ்சு முட்டையோட அடை உக்காந்திருக்கு. இருபத்தெட்டு நாள் ஆகும். பேரனுக்கு அரைப் பரீட்சை லீவு அதுக்குள்ள வந்துடும். வரச் சொல்லியிருக்கேன்.