சலங்கை கட்டியவளும் ஹெட்செட் மாட்டியவனும்

சுபாங் ஜெயாவில் என் அக்கா வீட்டு ஹாலில் இரண்டு விதமாக வேடம் கட்டுகிறார்கள். மூத்தவள் சனிக்கிழமைதோறும் கொம்யூட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் பரதம் படித்துவிட்டு வந்து இங்கே பழகுகிறாள். பதினைந்து வயது இளையவன் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உலவுகிறான். விருந்தாளி வந்தால் அறைக்குள் ஓடிவிடும் பையன் அவன். தோள் அகன்ற நெட்டை உருவம் எடுத்துவிட்டால், முன்பின் தெரியாதவர்களை "இங்க வந்து நில்லு" என்று அதட்டுகிறான்.

இரண்டும் நடிப்புதானே என்று நினைத்திருந்தேன். இல்லை என்பதைக் கண்ணாடி காட்டிக்கொடுத்தது.

அவள் கண்ணாடி முன் நிற்கும்போது தெரிவது அவள் முகமேதான். வெண்ணெய் திருடும் கண்ணனாகிறாள். உடம்பைச் சற்றே திருப்பி, கயிறெடுக்கும் யசோதையாகிறாள். கோபம் புருவத்தில் ஏறவில்லையென்றால் மறுபடி செய்து பார்க்கிறாள். உடை மாறுவதில்லை, உடம்பு மாறுவதில்லை. பார்ப்பவருக்காகத்தான் இத்தனையும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் பார்க்கும் மெய்நிகர் கண்ணாடியில் வேறொருவன் நிற்கிறான். இவன் கை தூக்கினால் அவனும் தூக்குகிறான். அசைவு இப்படி ஒத்துப்போனாலே, அந்த உடம்பைத் தன்னுடையதாக மனம் ஏற்கத் தொடங்கிவிடுகிறது. பார்சிலோனாவில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் பெரியவர்களுக்கு நான்கு வயதுக் குழந்தையின் உடம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுற்றியிருந்த பொருள்களை அவர்கள் உள்ளதைவிடப் பெரிதாக மதிப்பிட்டார்கள். அதே உயரத்துக்குச் சுருக்கிய பெரியவர் உடம்பைப் பெற்றவர்களுக்கும் அப்படித் தோன்றியது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஆய்வு வெளியானது 2013இல்.

அதற்கு முன்பே, 2007இல், நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் வெளியிட்ட ஆய்வுதான் என்னை உலுக்கியது. உயரமான உருவம் பெற்றவர்கள் பணம் பங்கிடும் பேரத்தில் தங்கள் பக்கம் அதிகம் இழுத்துக்கொண்டார்கள். உயரம் குறைந்தவர்களில் கூடுதலானோர் 75க்கு 25 என்ற அநியாயப் பங்குக்கும் தலையாட்டினார்கள். ஏற்றமோ இறக்கமோ, வெறும் 10 சென்டிமீட்டர். அதுவும் எதிரே இருந்தவர் கண்ணுக்குக் காட்டப்படவே இல்லை! மிரட்டியதும் பணிந்ததும் அவரவர் உருவத்தால்தான். இதற்குப் புரோட்டியஸ் விளைவு என்று பெயர் வைத்தார்கள்.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மணமக்கள் மெட்டாவர்ஸில் நடத்திய வரவேற்பில், மணமகளின் மறைந்த தந்தை உருவமாக வந்து வாழ்த்தினார். அதை நான் அபிநயத்தின் பக்கமே வைப்பேன். பார்ப்பவருக்காக வந்த உருவம் அது. வந்திருந்தவர்களுக்கும் அது தெரியும். பையன் மாட்டும் உருவமோ முதலில் அவனைத்தான் மாற்றுகிறது. அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் கவலை.

போன வாரம் நானே சொன்னேன். ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அக்கா, யசோதையா ஆடுறப்ப உனக்கு நெசமாவே கோவம் வருமா?"

அவள் சலங்கையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "வரும். ஆனா தாளத்த விட்டுட முடியாதுடா."