12.85 லட்சமும் காலி நாற்காலியும்

2018-ல் ஒரு நாள், புனேயில் எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம், மகன் வீட்டில் இருக்கிறார். யாரோ போனில் பேசி ஓடிபி வாங்கி மூன்று தடவையாகப் பணத்தை எடுத்துவிட்டார்கள். "உங்ககிட்டதானே தம்பி போட்டு வச்சேன்? நீங்கதானே தரணும்?" என்றார். நான் வெறும் பி.காம்., வக்கீல் இல்லை. ஆனாலும் ஒரு வழக்கு ஞாபகத்துக்கு வந்தது.

அதுவும் நம்மைப் போல ஊரை விட்டுப் போனவருடையதுதான். அபுதாபியில் வேலை, கணக்கு தமிழ்நாட்டில். 2007-ல் வங்கி அனுப்பியது போலவே வந்த மின்னஞ்சலை நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். சுமார் ஆறரை லட்சம் போச்சு. 'கொடுத்தது நீங்கள், நாங்கள் என்ன செய்ய?' என்றது அந்தத் தனியார் வங்கி. (நாங்கள் எல்லோருமே முதலில் சொல்வது அதுதான்.)

மனிதர் விடவில்லை. 2000-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே நஷ்டஈட்டுக்கு வழி இருக்கிறது. 2003 முதல் அந்தந்த மாநில ஐ.டி. செயலாளரே விசாரித்து உத்தரவு போடலாம். சென்னையில் வழக்கு நடந்தது. வங்கியின் பாதுகாப்பு போதவில்லை, 12.85 லட்சம் கொடு என்று 2010 ஏப்ரலில் உத்தரவு. போனதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

நிற்க. வங்கி அப்பீல் போனது. அப்பீலைக் கேட்க டில்லியில் சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்று. அதன் தலைவர் 2011 ஜூனில் ஓய்வு பெற்றார். அடுத்த ஆளை நியமிக்கவே இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை சார், 2017-ல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தோடு அதைச் சேர்க்கும்வரை நாற்காலி காலி. எங்கள் கிளையில் கேஷியர் ஒரு நாள் வரவில்லை என்றால் வாசல் வரை சண்டை நடக்கும்.

இந்தக் கதையைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? அப்போது பதினொரு வருடமாகியும் வழக்கு முடிந்தபாடில்லை. (வங்கியின் அப்பீல் தோற்றது 2019-ல்.)

நல்லவேளை, 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. வாடிக்கையாளர் மேல் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. அவரே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தாலும், புகார் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு.

"எத்தனை மணிக்கு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டீங்க, ஐயா?"

மகனிடம் கேட்டுச் சொன்னார். முதல் இரண்டும் அதற்கு முன்னால் போயிருந்தன. மூன்றாவது, பதினாறு நிமிடம் கழித்து. அந்த ஒன்றுக்கு மட்டும் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

"அப்ப மத்த ரெண்டு?" என்றார்.