ரப்பர் விலையும் தமிழர் நிலையும்

மலேசியத் தமிழர் வரலாற்றைக் கூற வருவோர் பெரும்பாலும் இரண்டு கருத்துகளை ஐயமின்றி எடுத்துரைப்பர். ரப்பர் விலை உயர்ந்த காலமே தமிழர் வாழ்ந்த காலம், அது வீழ்ந்த காலமே தமிழர் தாழ்ந்த காலம் என்பது ஒன்று. அமெரிக்க அரசியல் அமெரிக்கர்க்கே உரியது, ஜொகூர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவனுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது மற்றொன்று. 1908 முதல் 1934 வரை நிகழ்ந்தவற்றை ஆண்டு வரிசையில் வைத்து நோக்குவார்க்கு இவ்விரு கருத்துகளுமே பொருந்தா என்பது புலனாகும். விலை ஏறியபோது தோட்டத் தமிழன் அதற்கேற்பச் செழிக்கவில்லை. விலை இறங்கியபோதோ முதலில் கப்பலேற்றப்பட்டவன் அவனே. அவ்விலையை ஏற்றவும் இறக்கவும் வல்ல கைகளுள் பெரியவை வாஷிங்டனிலும் டெட்ராய்ட்டிலும் இருந்தன.

குமிழி தோன்றிய விதம்

1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டில் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்துக்குக் கேடு விளையாமல் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்தார். கண்ட கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் விதைகளைத் திணித்தமையால் அவரைப் ‘பித்தர்’ என்று ஊரார் நகைத்தனர். காப்பியும் கரும்பும் விளைந்த நிலத்தில் பால்மரத்தை நட எவரும் எளிதில் முன்வரவில்லை.

நகைத்தவர்களை மாற்றியது அமெரிக்கர் ஏறிய கார். 1907இல் அமெரிக்க வங்கிகளில் ஏற்பட்ட பெருங்கலக்கத்தால் 1908இன் தொடக்கத்தில் ரப்பர் இராத்தல் மூன்று ஷில்லிங் அளவுக்கு இறங்கிற்று. அதே 1908இன் அக்டோபரில் ஹென்றி ஃபோர்டு தம் ‘மாடல் டி’ காரை வெளியிட்டார். கார் ஓடச் சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1910 ஏப்ரலில் ஓர் இராத்தலின் விலை பன்னிரண்டு ஷில்லிங்கைக் கடந்தது. இரண்டே ஆண்டுகளில் விலை நான்கு மடங்காயிற்று!

இலண்டனில் நாள்தோறும் புதுப்புது ரப்பர்க் கம்பெனிகள் முளைத்தன. எளியோரும் வாங்கும்படி இரண்டு ஷில்லிங் பங்குகள் அச்சிடப்பட்டன. பழைய கம்பெனிகள் சில நூற்றுக்கு நூறுக்கும் மேலாக ஈவு வழங்கியமையால், ஒரு மரமும் நடாத கம்பெனியின் பங்கும் விலைபோயிற்று. ஷாங்காய் நகரமும் இவ்வேட்கைக்கு ஆளாயிற்று. 1910 ஜூலையில் அந்நகரின் உள்நாட்டு வங்கிக் கடைகள் சில ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. சிச்சுவான் மாநில இருப்புப்பாதைக் கம்பெனியின் பணமும் அதில் அழிந்தது. அவ்விருப்புப்பாதை தொடர்பாக 1911இல் எழுந்த கிளர்ச்சி, சீனப் பேரரசு கவிழ்வதற்கு ஒரு காரணமாக அமைந்தது. மலாயாவின் மரப்பாலில் எழுந்த நீர்க்குமிழி ஓர் அரச மரபின் வீழ்ச்சியிலும் பங்கு கொண்டது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

ஜொகூரில் அப்போது சுல்தான் இப்ராகிம் ஆட்சி புரிந்தார். கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவெய்தியது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த பெருங்காடு தோட்டங்களாக மாறத் தொடங்கியது. காட்டை அழிக்கவும் கன்று நடவும் பால் வெட்டவும் ஆட்கள் தேவைப்பட்டனர். சஞ்சிக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் தம் சொந்த ஊர்களுக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர்.

ஈண்டு கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. விலை நான்கு மடங்கு உயர்ந்தபோது பால் வெட்டியவனின் கூலி நான்கு மடங்கு உயரவில்லை. பங்கு வைத்திருந்தவன் இலாபத்தில் பங்கு பெற்றான். கத்தி பிடித்தவன் நாட்கூலி பெற்றான். விலையேற்றத்தால் தமிழர் தொகை பெருகியதே தவிர, தமிழர் செல்வம் அந்த அளவில் பெருகியது எனக் கூறுதற்கில்லை.

ஸ்டீவன்சன் திட்டமும் ஹூவரும்

முதல் உலகப் போருக்குப் பின்னர் 1920இல் தொடங்கிய மந்தத்தில் ரப்பர் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழிறங்கியது. அப்போது பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சராக விளங்கிய வின்ஸ்டன் சர்ச்சில், சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் அமைந்த குழுவின் திட்டத்தை ஏற்றார். 1922 நவம்பர் முதல் நாள் அத்திட்டம் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அளவு குறிக்கப்பட்டு, தொடக்கத்தில் அதில் நூற்றுக்கு அறுபது பங்கே தடையின்றி ஏற்றுமதி செய்ய இசைவு அளிக்கப்பட்டது. டச்சுக்காரர் தம் கிழக்கிந்தியத் தீவுகளை இத்திட்டத்தில் சேர்க்க உடன்படவில்லை.

1925இல் விலை மீண்டும் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கிய நாடு அமெரிக்கா. அந்நாட்டு வணிக அமைச்சரான ஹெர்பர்ட் ஹூவர் இதனை அயலரசின் கொள்ளை எனக் கண்டித்துப் பெரும் பிரசாரம் நடத்தினார். பழைய டயரைச் செப்பனிட்டு ஓட்டுமாறு மக்கள் வேண்டப்பட்டனர். 1926 சனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்று இதுபற்றி விசாரணை நடத்திற்று. அவ்வாண்டிலேயே ஃபயர்ஸ்டோன் கம்பெனி, ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கர் வரை நிலத்தைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குப் பெற ஒப்பந்தம் செய்தது. ஃபோர்டு பிரேசில் காட்டில் தம் பெயரால் ஒரு நகரையே எழுப்பத் தொடங்கினார். முதுமையில் இருந்த எடிசன் செடிகொடிகளிலிருந்து ரப்பர் எடுக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார்.

பிரிட்டிஷார் பக்கம் நின்று பேசியோர் ஹூவரைத் தன்னலக்காரர் என்றனர். அமெரிக்கர் பக்கம் நின்று பேசியோர் அவரைத் தடையற்ற வாணிகத்தின் காவலர் என்றனர். இரண்டுமே முழு உண்மை அல்ல. செயற்கையாக ஏற்றிய விலை நீடிக்காது என்று ஹூவர் கூறியது சரியே. ஆனால் தடையற்ற வாணிகத்தை மலாயாவுக்குப் போதித்த அதே அமெரிக்கா, 1922இல்தான் தன் எல்லையில் உயர்ந்த சுங்கச் சுவரை எழுப்பியிருந்தது. ‘உற்பத்தியாளரைக் காக்கிறோம்’ என்ற பிரிட்டிஷார் காத்ததும் எல்லா உற்பத்தியாளரையும் அல்லர். மலாயாவின் ரப்பர்த் தொழிலை நேரில் ஆராய்ந்த பொருளியல் அறிஞர் பி. டி. பாவர், 1948இல் வெளியிட்ட தம் நூலில், சிறுதோட்டக்காரரின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டுப் பெருந்தோட்டங்களே பயனடைந்தன என எடுத்துக்காட்டினார். எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா என்பது பழமொழி. இரு வல்லரசுகளும் விலை பற்றிச் சொற்போர் நிகழ்த்திய அந்நாட்களில், மரத்தடியில் நின்றவனின் கூலி அச்சொற்போருக்குப் பொருளாகவில்லை.

இதனிடையே இயற்கை தன் கணக்கை எழுதிக்கொண்டிருந்தது. நட்ட ரப்பர் மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். 1925இன் உயர்ந்த விலையைக் கண்டு சுமத்ராவிலும் போர்னியோவிலும் நடப்பட்ட மரங்கள் 1931, 1932ஆம் ஆண்டுகளிலேதான் கத்தியைக் காணும். அவ்வாண்டுகளில் உலகம் எந்நிலையில் இருக்கும் என்பதை நட்டவர் எவரும் அறியார்.

கப்பலேறியோர்

ஸ்டீவன்சன் திட்டம் 1928 நவம்பரில் கைவிடப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் ஹூவர் அமெரிக்காவின் அதிபரானார். அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1929இல் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் வண்டிகளைச் செய்த அமெரிக்கா, 1932இல் பதின்மூன்று இலட்சம் அளவே செய்தது. வாங்குவார் குறைந்த அதே வேளையில் புதிய மரங்கள் பால் சுரக்கத் தொடங்கின. 1932இன் நடுவில் ஓர் இராத்தல் ரப்பர் இரண்டு பென்சுக்கும் கீழே விற்றது. மலிவான ரப்பரை வேண்டி நின்ற ஹூவருக்கு, அவர் அதிபராக இருந்தபோதே அது கிட்டியது. வாங்கத்தான் அவர் நாட்டில் பணம் இல்லை.

இதன் சுமை யார்மீது இறங்கிற்று? மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த கூலி, 1930இல் 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. பின்னர் இன்னும் கீழே சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தமிழகத்திலிருந்து உதவிப் பயணத்தில் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இலவசப் பயணச்சீட்டு ஓர் அறச்செயலாகவே அந்நாளில் பேசப்பட்டது. வேலையின்றிப் பட்டினி கிடப்பதைவிட ஊர் திரும்புவது நன்றன்றோ எனக் கேட்டவரும் உண்டு. அக்கேள்வியில் ஓரளவு நியாயம் இருப்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் அவர்கள் திரும்பிச் சென்ற ஊரின் நிலை யாது? நெல் விலையும் அப்போது வீழ்ந்து கிடந்தது. கழனியில் வேலை இல்லை. மலாயாவின் வேலையின்மை தஞ்சைக்கும் திருச்சிக்கும் கப்பலில் மாற்றப்பட்டதேயன்றித் தீர்க்கப்படவில்லை. பல்லாண்டுகள் உழைத்தவன் வந்தபோது எவ்வாறு வந்தானோ அவ்வாறே திரும்பினான்.

கடன் கொடுத்த தமிழரும் தப்பவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தோட்டங்களை அடமானமாகப் பெற்றுப் பொருள் தந்திருந்தனர். வாங்கியவர் திருப்பித் தர இயலாதபோது நிலம் அவர் கைக்கு வந்தது. விற்க முயன்றால் வாங்குவார் இல்லை. ஏட்டில் செல்வராயினும் பெட்டியில் பணமில்லாதவராயினர்.

எஞ்சியது யாது?

1934இல் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு, இந்தியா, சயாம் ஆகியவை உலக ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. விலை ஏறிற்று, ஆள் எடுப்பும் மீண்டும் தொடங்கிற்று. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் புலப்பெயர்வுக்குத் தடை விதித்ததோடு அக்காலம் முடிந்தது. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது அமெரிக்கா செயற்கை ரப்பர்த் தொழிலைப் பேரளவில் நிறுவிக்கொண்டது. 1950இல் கொரியப் போர் மூண்டதும் அமெரிக்கா ரப்பரை வாங்கிக் குவித்தது. மீண்டும் ஒரு குமிழி எழுந்து அடங்கியது. சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்ற தடையை மீறி, 1952இல் இலங்கை சீனாவுடன் ரப்பருக்கு அரிசி என ஒப்பந்தம் செய்தது. அதனால் அமெரிக்க உதவியை இழந்தது.

இத்தனை ஏற்ற இறக்கங்களிலும் நிலைத்தவை எவை என ஆராய்ந்தால், அவை விலையைச் சார்ந்து நிற்காதவை என்பது தெளிவாம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. அப்பள்ளிகள் பல வெறும் கொட்டகைகளே. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக இருந்த இடங்களும் உண்டு. எனினும் பங்குச் சந்தை சரிந்தபோது அவை சரிந்துவிடவில்லை. நாடு விடுதலை பெற்ற 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530ஆகக் குறைந்திருப்பினும், அவற்றுள் எழுபது அளவில் ஜொகூரில் இயங்குகின்றன. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். அரை நூற்றாண்டாகக் கூலியாக நின்றவன் முதன்முறையாகப் பங்காளியானான்.

‘ரப்பர் விலை உயராதிருந்தால் தமிழர் இங்கு வந்தே இரார் அல்லவா?’ என்று வினவலாம். மெய்தான். வருவதற்குக் காரணமாக இருந்தது விலை. வாழ்வதற்குக் காரணமாக இருந்தவை பள்ளியும் குடியுரிமையும் சேமிப்பும் ஆகும். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிழை.

இது பழங்கதை எனத் தள்ளுதற்கில்லை. ஜொகூரின் தென்கரையில் ஏழு இலட்சம் பேர் வாழ்வதற்கெனச் சீனக் கம்பெனி ஒன்று கடலைத் தூர்த்து எழுப்பத் தொடங்கிய வன நகரம், அக்கம்பெனி 2023இல் கடன் தவறியபோது பெரும்பகுதி ஆளின்றி நின்றது. கூலாய், செடெனாக் வட்டாரங்களில் ஒருகாலத்தில் தோட்டங்களாக இருந்த நிலத்தில் இன்று கணினித் தரவு மையங்கள் எழுகின்றன. அவற்றுக்கு வேண்டிய உயர்ந்த சில்லுகள் அமெரிக்கக் கம்பெனிகளுடையவை. 2025 சனவரியில் அமெரிக்க அரசு அச்சில்லுகளின் ஏற்றுமதிக்கு நாடுவாரியாக வரம்பு விதித்தது. மே மாதத்தில் அடுத்து வந்த அரசு அவ்விதியைக் கைவிட்டது. மலேசியாவும் அவ்வரம்புக்குள் வைக்கப்பட்டிருந்த நாடே. பால் போய்ச் சில்லு வந்தது. முடிவெடுக்கும் இடம் மாறவில்லை.

ஜொகூர் பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்க்கும், கடல் கடந்து வேற்று நாடுகளில் குடியேறத் துடிப்போர்க்கும் இவ்வரலாறு ஒன்றை உணர்த்தும். கூலி உயர்ந்திருக்கும் காலத்தில் அது ஏன் உயர்ந்தது, அதனை இறக்கவல்லவர் யார் என்று கேட்கக் கற்க வேண்டும். அந்தக் காலத்துக்குள்ளேயே வீட்டையும் கல்வியையும் தொழில் உரிமையையும் தேடிக்கொள்ள வேண்டும். 1930இல் கப்பலேறியவர்களுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. அதனை எடுத்துச் சொல்வாரும் இல்லை. இன்றையோருக்கு இரண்டும் உண்டு.