பிடித்த மீனைத் திருப்பி விட்டால் போதுமா? பாலைவன ட்ரவுட் மீன்களுக்கு என்ன ஆபத்து?

அமெரிக்காவின் அரிசோனா என்றாலே கள்ளிச்செடியும் கொதிக்கும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால், குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் ட்ரவுட் மீனும் அங்கே இருக்கு. பாலைவனத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒயிட் மவுண்டன் மலை ஓடைகள்தான் 'அப்பாச்சி ட்ரவுட்' மீனின் தாயகம். ஒரு கட்டத்தில் இந்த இனம் அழிவின் விளிம்புக்கே போனது. அதில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கும் பெரிய பங்கு உண்டு.

தூண்டில்தான் காரணமா?

அளவில்லாமல் பிடித்தது ஒரு காரணம். மரம் வெட்டியதாலும், கால்நடைகள் மேய்ந்ததாலும் ஓடைகள் சீர்கெட்டன. ஆனால் பெரிய அடி வேறு பக்கமிருந்து வந்தது. தூண்டில் போட வருபவர்களுக்கு மீன் கிடைக்கணும் என்று அயல் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ரெயின்போ ட்ரவுட், அப்பாச்சியோடு இனம் கலந்தது. (ஆங்கிலேயர் காலத்தில் நம்ம நீலகிரி ஓடைகளில் விடப்பட்டதும் இதே ரெயின்போதான்.) பிரவுன் ட்ரவுட்டோ இரைக்குப் போட்டியிட்டதோடு, குஞ்சுகளையும் தின்றது.

பிடிச்சதைத் திருப்பி விட்டால் பிரச்சினை இல்லையே?

நீர் குளிர்ச்சியாக இருந்தால் பெரும்பாலான மீன்கள் பிழைத்துக்கொள்ளும். கோடையில் கதை வேறு. ஓடை சுருங்கி, மிச்சமிருக்கும் மடுக்களில் மீன்கள் ஒதுங்கும். நீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ தேவை கூடும். தூண்டிலில் மாட்டிப் போராடிக் களைத்த மீன், விட்டதும் நீந்திப் போனாலும் பிறகு சாகலாம். அதனால்தான் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே தூண்டிலைச் சுருட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

மீண்டது எப்படி?

1950களிலேயே ஒயிட் மவுண்டன் அப்பாச்சி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் இந்த மீன் வாழ்ந்த ஓடைகளில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். 1967-ல் அரசு இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. ஓடைகளின் குறுக்கே தடுப்புகள் கட்டி, மேல்பகுதியிலிருந்த அயல் மீன்களை அகற்றி, அப்பாச்சியை மீண்டும் விட்டார்கள். பலன்? 2024 செப்டம்பரில் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் தூண்டில்காரர்கள் தேடிப் பிடிக்கும் மீன் ஒன்று இப்படி மீண்டது இதுவே முதல்முறை.

இனி கவலை இல்லையா?

இருக்கு. தடுப்பு உடைந்தாலோ, யாராவது ஒரு வாளி அயல் மீனை மேலே கொண்டுபோய் விட்டாலோ, பல ஆண்டு உழைப்பு வீணாகிவிடும். அதேசமயம், மீன்பிடி உரிமத்துக்குக் கட்டும் பணம் மீன்வளப் பாதுகாப்புக்கும் போகிறது. எனவே தூண்டிலே கூடாது என்பதல்ல விஷயம்; எந்த ஓடையில், எந்தப் பருவத்தில், எந்த மீனுக்கு என்பதுதான் கேள்வி.